பிஸ்கட் ரின்னுக்குள் கிடக்கும் புளொப்பியிலிருந்து தமிழை எடுப்பது எப்படி

போன மாரி தொடங்க முந்தி, புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு ரீச்சர் பெரிய பிஸ்கட் ரின் ஒன்றோடு வந்தார். உள்ளே பதினேழு புளொப்பி, பழைய கணனிகளில் கோப்புச் சேமித்த சதுரத் தட்டு. "தம்பி, எங்கட வாசிகசாலைக் கூட்ட அறிக்கையும் அப்பாவின்ர கல்வெட்டும் இதுக்குள்ளதான் கிடக்கு. கடையில ஒண்டைத் திறந்து பாத்தவை, இங்கிலிஷ்ல ஏதோ கிறுக்கினமாதிரி வருதாம், பழுதாப் போச்சு எண்டு சொல்லுறாங்கள்" என்றார். (கல்வெட்டு என்றால் இங்கே இறந்தவரின் நினைவாக அச்சடிக்கும் சிறு புத்தகம்.) பழுதாகவில்லை. பதினேழில் பதினொன்று முழுதாக வந்தது, மூன்று பாதிக்குப் பாதி, மூன்று மட்டும் அசையவே இல்லை. அதற்குப் பிறகு இதே மாதிரி நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலில் மனதில் பிரித்து வையுங்கள். இங்கே இருப்பது இரண்டு வேலை. தட்டிலிருந்து கோப்பை எடுப்பது ஒன்று, கோப்பிலிருந்து தமிழை எடுப்பது மற்றது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் பலர் நல்ல புளொப்பியை "பழுது" என்று குப்பையில் போடுகிறார்கள்.

சரி, புளொப்பி கையில் கிடைத்தவுடன் செய்யக்கூடாதது: அதை ட்ரைவுக்குள், அதாவது புளொப்பியை வாசிக்கும் கருவிக்குள், தள்ளுவது. இலங்கையின் வடக்கில், யுத்தம் நடந்த வன்னியில் கிடந்த புளொப்பி சாதாரண புளொப்பி இல்லை. தறப்பாளில் சுற்றி மண்ணுக்குள் புதைத்தது, ட்ராக்டர் பெட்டியில் இடம்பெயர்ந்தது, மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். உலோக மூடியை விரலால் ஒரு பக்கமாக இழுத்துப் பாருங்கள், உள்ளே கறுப்பாக மினுங்கும் மெல்லிய தட்டுத் தெரியும். பின்பக்கத்து உலோகச் சில்லை விரலால் மெதுவாகச் சுற்றிச் சுற்றித் தட்டு முழுவதையும் பாருங்கள். வெள்ளைப் புள்ளி, மங்கல் படலம் இருந்தால் அது பூஞ்சணம். அதோடு ஓடவிட்டால் ட்ரைவின் தலை அந்தப் பூஞ்சணத்தைத் தட்டு முழுக்க உரசித் தேய்க்கும், தலையும் அழுக்காகும், அடுத்துப் போடும் நல்ல புளொப்பியையும் அதே தலை கீறும். ரீச்சரின் புளொப்பியில் ஒன்றை நான் அப்படித்தான் பழுதாக்கினேன், அவசரம்.

ஈரமாக இருந்தால், சப்பாத்துப் பெட்டியில் வருமே சின்னச் சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் பத்துப் பன்னிரண்டைச் சேர்த்து மூடி இறுக்கமான டப்பாவில் புளொப்பிகளோடு ஒரு கிழமை போட்டு வையுங்கள். வெயிலில் காய வைக்க வேண்டாம். எங்கள் வெயிலில் தட்டு நெளிந்துவிடும். பூஞ்சணம் இருந்தால் ஐசோப்ரோபைல் அற்ககோலைப் பஞ்சுக் குச்சியில் சிறிது தொட்டு, தட்டைச் சுற்றிக்கொண்டே இரண்டு பக்கமும் பாரமில்லாமல் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். துணி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், உதட்டால் ஊதவும் வேண்டாம்.

அடுத்தது பூட்டுவது. புளொப்பியின் மூலையில் நகரும் சின்னப் பிளாஸ்டிக் இருக்கும். துளை திறந்து வெளிச்சம் தெரிந்தால் அதில் எதையும் எழுத முடியாது, வாசிக்க மட்டுந்தான். துளை தெரியும்படி தள்ளிவிடுங்கள். இதைச் செய்யாமல் விண்டோஸில் போட்டால், வாசிக்கக் கஷ்டமான தட்டைக் கண்டவுடன் "இதை ஃபோர்மட் செய்யவா" என்று கேட்கும். யாராவது அவசரத்தில் ஆம் என்று தட்டினால் கதை முடிந்தது. பூட்டியிருந்தால் தட்டினாலும் ஒன்றும் ஆகாது.

இப்போது கொஞ்சம் பழைய கதை, ஏனென்றால் ஒரு எண் உங்களுக்குத் தேவைப்படும். புளொப்பியை 1971ல் ஐபிஎம் வெளியே விட்டபோது அது 8 அங்குலம், சாப்பாட்டுத் தட்டு மாதிரி. பெரிய இயந்திரங்களுக்கு உள்நிரலை ஏற்றத்தான் அதைச் செய்தார்கள், ஆட்கள் கடிதம் எழுதி வைக்க இல்லை. 1976ல் ஷுகார்ட் நிறுவனம் அதை ஐந்தே கால் அங்குலமாக்கியது. எங்கள் கையில் இருக்கும் மூன்றரை அங்குலம் சோனி வடிவமைத்தது. 1.44 எம்பி என்று முகத்தில் எழுதியிருப்பார்களே, அந்த வகை 1987 வாக்கில் பரவியது. ஒரு பக்கத்துக்கு 80 வளையம், இரண்டு பக்கம், வளையத்துக்கு 18 துண்டு, துண்டுக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். (1.44 என்பது உண்மையில் பத்துக் கணக்கும் இல்லை இரண்டின் கணக்கும் இல்லை, 1440ஐ 1024ஆல் பெருக்கி இரண்டையும் கலந்த கணக்கு. யாரும் திருத்தவில்லை.)

அந்த 14,74,560ஐ எழுதி வையுங்கள். யூஎஸ்பி புளொப்பி ட்ரைவ் ஒன்று வாங்கி அல்லது இரவல் எடுத்து, கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கொப்பி பண்ணாமல், முதலில் தட்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் படி எடுங்கள். விண்டோஸில் வின்இமேஜ் போன்ற மென்பொருள் இதைச் செய்யும். லினக்ஸில் டிடிரெஸ்கியூ இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்தது, காரணம் அது வாசிக்க முடியாத துண்டில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய் நல்லதை எல்லாம் எடுத்துவிட்டுப் பிறகு திரும்பி வந்து கஷ்டமானதைத் திரும்பத் திரும்ப முயலும். வந்த படிக் கோப்பின் அளவு சரியாக அந்த எண்ணாக இருக்க வேண்டும், குறைந்தால் பாதியில் நின்றிருக்கிறது. படி எடுத்த பிறகு புளொப்பியைத் தொடத் தேவையில்லை, மிச்ச வேலை எல்லாம் படியில்தான். ஒரு ட்ரைவில் வாசிக்காத தட்டு இன்னொரு ட்ரைவில் வாசிக்கும், இது அனுபவம், இரண்டு ட்ரைவ் கிடைத்தால் இரண்டிலும் பாருங்கள்.

சில கோப்பு படி சரியாக வந்தும் பாதியில் வெட்டுப்பட்டு இருக்கும். அது தட்டின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. யுத்தக் காலத்து வன்னியில் மின்சாரக் கம்பி இல்லை, தொண்ணூறுகளில் பற்றரியே தடைப்பொருள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம். கணனி இருந்த இடங்களில் அது ஜெனரேற்றரில்தான் ஓடியது. சேமிக்கும்போது ஜெனரேற்றர் இருமி நின்றால் கோப்பும் அங்கேயே நிற்கும். அப்படிப்பட்டதில் மிச்சம் அநேகமாகக் கிடைக்காது, தேடி அதிக நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கோப்பின் திகதியையும் நம்பாதீர்கள். பழைய கணனிக்குள் காசு அளவில் ஒரு பற்றரி இருக்கும், அது செத்தால் கணனிக்கு நாள் தெரியாது. 1980 என்று திகதி காட்டும் கோப்பைக் கண்டு ஒருவர், "எண்பதிலேயே எங்கட ஊரில கணனி இருந்திருக்கு" என்று சந்தோசப்பட்டார். புளொப்பியில் கோப்புக்குத் திகதி எழுதும் முறை 1980 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்துதான் எண்ணத் தொடங்கும், அதற்கு முந்திய நாளை அதில் எழுதவே முடியாது. நாளை மறந்த கணனி போய் விழுவதும் அநேகமாக அங்கேதான். ஆவணம் எப்போது எழுதியது என்பதைக் கோப்புக்குள்ளே இருக்கும் கூட்டத் திகதியை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

புளொப்பி இல்லை, பழைய ஹாட் டிஸ்க் என்றால்: பின்னுக்கு 40 ஊசி உள்ள அகலமான வாய் இருக்கும், அதை யூஎஸ்பியாக மாற்றும் அடாப்டர் மலிவாக வரும், தனி மின்கம்பியோடு வருவதைத்தான் வாங்க வேண்டும். பழைய கணனியை அப்படியே போட்டு "ஓடுதா" என்று பார்க்க வேண்டாம், டிஸ்கைக் கழற்றி இதில் கொழுவுங்கள். டிக் டிக் என்று சீராகத் தட்டும் சத்தம் வந்தால் உடனே கழற்றுங்கள், அது வீட்டு வேலை இல்லை. சீடி என்றால் கீழ்ப்பக்கத்தை விட மேல்ப்பக்கத்துக்குத்தான் பயப்பட வேண்டும், பதிவு இருக்கும் படலம் லேபலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது, அங்கே கீறினால் போய்விடும்.

இனி இரண்டாவது வேலை. படியைத் திறந்தீர்கள், வேர்ட் கோப்பு இருக்கிறது, லிப்ரே ஆபிஸில் திறக்கிறது (மக்ரோவை, அதாவது கோப்புக்குள் தானாக ஓடும் நிரலை, நிறுத்திவிட்டுத் திறவுங்கள், அந்தக் காலத்து வைரஸ் அதற்குள் இன்னும் உயிரோடு இருக்கலாம்), பார்த்தால் ஆங்கில எழுத்துக் குவியல். இங்கேதான் கடைக்காரர் "பழுது" என்றார்.

அந்தக் குவியலுக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நாலு சின்ன ஆங்கில எழுத்தும் அதன் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று தேடுங்கள். நின்றால் சந்தோசப்படலாம். அதுதான் "தமிழ்". உங்கள் கோப்பு பாமினி எழுத்துருவில் அடித்தது.

ஏன் இப்படி? 1963ல் அமெரிக்காவில் ஆஸ்கி என்று ஒரு அட்டவணை வந்தது, எழுத்துக்கு ஓர் எண், மொத்தம் 128 இடம், அதில் ஆங்கிலம் மட்டும். எங்களுக்கு இடமில்லை. இடமில்லாத வீட்டில் ஒண்டிக் குடியிருப்பது மாதிரி, தமிழ் எழுத்துருக்காரர்கள் ஆங்கில எழுத்தின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, திரையில் வரையும் படத்தை மட்டும் தமிழாக மாற்றினார்கள். கணனியைப் பொறுத்தவரை நீங்கள் அடித்தது ஜே. பாமினி என்ற சட்டை போட்டிருப்பதால் அது "த" என்று தெரிகிறது. சட்டையைக் கழற்றினால் பழையபடி ஜே. கோப்புக்குள் தமிழ் ஒருநாளும் இருந்ததில்லை, கண்ணுக்கு மட்டுந்தான் இருந்தது.

எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ் என்பது சும்மா வந்ததும் இல்லை. தட்டச்சு படித்தவர்கள் "யளனக" என்று விரல் பழக்கியிருப்பார்கள். ஆங்கிலக் கீபோட்டின் நடு வரிசையில் இடது கை நாலு விரலும் இருக்கும் இடம் பாமினியில் அதே யளனகதான். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறி செய்து கொடுத்தார், அந்த வழியில் வந்த விரல் பழக்கம்தான் கணனிக்குள்ளும் புகுந்தது. தட்டச்சு தெரிந்த ஒருவர் ஒரு நாளில் கணனிக்கு மாறக்கூடியதாக இருந்ததால்தான் பாமினி எங்கள் பக்கத்து அச்சகம், கல்வெட்டுக் கடை, பாடசாலை, கந்தோர் என்று எல்லா இடமும் பரவியது என்பது என் எண்ணம். உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் யுனிகோட் என்ற அட்டவணை 1991லேயே தமிழுக்குத் தனி இடம் கொடுத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000 வரும் வரைக்கும் சாதாரண ஆட்களின் திரைக்கு அது வந்து சேரவில்லை, எக்ஸ்பியில் கூட அமைப்புக்குள் போய் ஒரு பெட்டியில் சரி போட்டு சீடியிலிருந்து கோப்பு ஏற்ற வேண்டும். யார் செய்வார்கள்? பாமினியிலேயே இருந்தார்கள்.

முதலில் பாமினி எழுத்துருவை ஏற்றி, கோப்பு ஒழுங்காகத் தமிழாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அதை அப்படியே ஒரு பிடிஎஃப் ஆக்கி வையுங்கள், பின்னால் ஒப்பிட இதுதான் மூலம். அச்சகங்களில் பக்கம் அமைத்த பேஜ்மேக்கர் என்ற மென்பொருளின் கோப்பு என்றால் 6, 7 பதிப்புகளை லிப்ரே ஆபிஸ் திறக்கும், பக்க அமைப்புக் குலையும், எழுத்து வந்தால் போதும்.

பிறகு மாற்றி, அதாவது பாமினியை யுனிகோட் ஆக்கும் மென்பொருள். இணையத்தில் பாமினி யுனிகோட் மாற்றி என்று தேடினால் நிறைய வரும். ஒட்டினால் உடனே மாற்றித் தரும். ஆனால் பொறுங்கள். உங்கள் கோப்பில் என்ன இருக்கிறது? கோயில் மலர் என்றால் பரவாயில்லை. ஆட்களின் பெயர், குடும்ப விபரம், காணி இலக்கம், உதவி பெற்றோர் பட்டியல் என்றால், அதுவும் அந்த வருடங்களின் வன்னிப் பட்டியல் என்றால், யாரோ ஒருவரின் சேவருக்கு அனுப்பக்கூடாது. மாற்றிப் பக்கத்தைத் திறந்துவிட்டு டேட்டாவை நிறுத்துங்கள், நிறுத்திய பிறகும் மாற்றித் தந்தால் அது உங்கள் கணனிக்குள்ளேயே வேலை செய்கிறது. அதுவும் சும்மா ஒரு வரியை வைத்துச் சோதித்த பிறகுதான் உண்மையானதை ஒட்ட வேண்டும். வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டுத்தான் டேட்டாவைத் திரும்பப் போடுங்கள்.

ஆங்கிலம் கலந்த கோப்பு என்றால் இன்னொரு பொறி. மாற்றிக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. மின்னஞ்சல் முகவரியில் சின்ன எழுத்தில் ஜஃப்னா என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது "தயககயெ" என்று வந்து நிற்கும். மாற்ற முந்தி வேர்டில் எழுத்துருவை வைத்துத் தேடி, பாமினி இல்லாத சொற்களை எல்லாம் வெளியே எடுத்து இடத்தில் ஓர் இலக்கம் போட்டுவிட்டு, மாற்றிய பிறகு திரும்பப் போடுங்கள். அலுப்பான வேலைதான்.

மாற்றி வந்ததும் முடிந்தது என்று எழும்ப வேண்டாம். பாமினியில் கண் பார்க்கும் ஒழுங்கில்தான் அடிப்பது. "கொ" என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யுனிகோட்டில் முதலில் க, பிறகுதான் உயிர்க்குறி, எந்தப் பக்கம் தெரிந்தாலும் சரி. மாற்றி இதை எல்லாம் இடம் மாற்றி அடுக்குகிறது, அங்கேதான் தவறும்.

மூன்று இடத்தில் கண் வையுங்கள். பாமினியில் "ர்" என்பதற்குத் தனியாக ர இல்லை, காலும் புள்ளியும்தான். "ரி", "ரீ"யும் அப்படியே, காலோடு விசிறி (ி, ீ). சில மாற்றிகள் காலைக் காலாகவே விட்டுவிடும், "அவர்கள்" என்பது "அவா்கள்" ஆகும். உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது, ஆனால் தேடினால் அகப்படாது. தமிழில் காலுக்குப் பின் புள்ளியோ விசிறியோ வரவே வராது, அதனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக ர் என்றும் ரி, ரீ என்றும் மாற்றலாம். இரண்டாவது ஔகாரம். பாமினியில் "கௌ" என்றால் கொம்பு, க, ள, அவ்வளவுதான். "கௌரவ தலைவர்" என்று அடித்தது "கெளரவ தலைவர்" என்று வரும், மௌனம் மெளனம் ஆகும். இதை ஒரேயடியாக மாற்றப் போனால் வெள்ளம், வெளிச்சம் எல்லாம் கெட்டுவிடும். ளகரத்துக்குப் பின் புள்ளியோ குறியோ இருந்தால் விடுங்கள், வெறும் ள என்றால் அது அநேகமாக ஔகாரம், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். மூன்றாவது ஔவையார், அங்கேயும் ஒகரமும் ளகரமும் பிரிந்து கிடக்கும்.

எக்செல் பட்டியல் என்றால் மாற்றிய பிறகு ஒருமுறை வரிசைப்படுத்துங்கள். பாமினியில் வரிசைப்படுத்தினால் யாழினி முன்னுக்கு வந்து நிற்பார், ஏனென்றால் ய இருப்பது ஆங்கிலத்தின் முதல் எழுத்தில். ஒரு சங்கத்தின் பட்டியலில் இந்த ஒழுங்கைப் பார்த்து ஏதோ மூப்பு வரிசை என்று நினைத்திருந்தார்கள்.

திருத்தும்போது மாற்றி விட்ட பிழையை மட்டும் திருத்துங்கள். ரீச்சர் தான் அடித்த கூட்ட அறிக்கையில் "நன்றியுறை" என்று இருந்ததைக் கண்டு வெட்கப்பட்டு, "தம்பி அதை நன்றியுரை எண்டு மாத்திவிடும்" என்றார். பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தோம், அவர் அடித்ததே அப்படித்தான். விட்டுவிட்டோம். அறிக்கை என்றால் இருந்தபடி இருக்க வேண்டும் என்று கடைசியில் அவரே சொன்னார்.

சேமிக்கும்போது யூடிஎஃப்-8 (யுனிகோட்டைக் கோப்பில் எழுதும் முறை) என்று தேர்ந்து வெறும் எழுத்துக் கோப்பாக ஒன்று, வேர்டில் ஒன்று. அளவு இரண்டரை மூன்று மடங்கு கூடும், பயப்பட வேண்டாம், பாமினியில் ஒரு குறிக்கு ஒரு பைட், யூடிஎஃப்-8ல் தமிழுக்கு மூன்று. பிறகு படிக் கோப்பு, பிடிஎஃப், யுனிகோட் மூன்றையும் ஒரே கோப்புறையில் போட்டு மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று கட்டாயம் ஊருக்கு வெளியே, கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் மச்சானிடம். ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் வைத்திருந்து என்ன நடந்தது என்று எங்கள் சனத்துக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலர், சஞ்சிகை மாதிரி எல்லாருக்கும் பொதுவானது என்றால் 2005ல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கலாம், உரியவர்களைக் கேட்டுவிட்டு.

புளொப்பியை எறிய வேண்டாம், வாசிக்காததைக் கட்டாயம் எறிய வேண்டாம். சாதாரண ட்ரைவ் துண்டு துண்டாகத்தான் வாசித்துத் தரும், ஆனால் கிறீஸ்வீசில் என்றொரு சின்னப் பலகை இருக்கிறது, பழைய கணனியின் உள் ட்ரைவில் கொழுவினால் தட்டின் காந்த மாற்றத்தை அப்படியே பதிவு செய்யும், மென்பொருள் பிறகு ஆறுதலாக அதைப் படித்துப் பார்க்கும். ஒன்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை ரீச்சரின் அந்த மூன்று புளொப்பியும் அதே ரின்னுக்குள், புது சிலிக்கா ஜெல்லோடு, என் மேசைக்குக் கீழே இருக்கிறது.